தேவையும் முறையும்: மைன்கிராஃப்ட் இணைப்பு நிரல்களில் தானியங்கு மின்னாக்கம் – சேலம் சமவெளியிலிருந்து ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

மைன்கிராஃப்ட் என்னும் கட்டுமான விளையாட்டில், தேவை எழும்பொழுது மட்டும் மின்னாக்கி இயங்கி, தேவை தீர்ந்ததும் தானே நிற்குமாறு சுற்றுகளை அமைப்பது, இணைப்பு நிரல்களைச் சேர்த்து ஆடுவோரிடையே முதிர்ந்த வழக்கமாக உள்ளது. இக்கட்டுரை அச்சுற்றுகளைப் பனுவலாகக் கொண்டு, தேவை, பற்றாக்குறை, காத்திருப்பு ஆகியவற்றை அவை எவ்வாறு பொருள்படுத்துகின்றன என்று ஆராய்கின்றது. சேலம் செவ்வாய்ப்பேட்டையின் பட்டறைகளும், சேலம்–நாமக்கல் சமவெளியின் கிணற்றுப் பாசனமும், மேட்டூர் அணையின் மின்னாக்கமும் ஒப்பீட்டுக் களங்களாகின்றன. விளையாட்டில் மின்னாக்கி பொறிக்காகக் காத்திருக்கின்றது. சமவெளியில் பொறி மின்சாரத்துக்காகக் காத்திருக்கின்றது. இவ்விரு காத்திருப்புகளின் வேறுபாடே விளையாட்டின் கருத்துநிலையைத் திறந்து காட்டுகின்றது என்பது கட்டுரையின் முடிபு.

குறிச்சொற்கள்: மைன்கிராஃப்ட், தானியங்கு மின்னாக்கம், பற்றாக்குறை, முறை, மும்முனை மின்சாரம், மேட்டூர், இருத்தல்

1. முன்னுரை

கணினி விளையாட்டுகளை ஆராய்வோர் அவற்றின் கதையையும் காட்சியையும் நோக்குவது ஒரு நெறி. அவற்றின் விதிகளை நோக்குவது மற்றொரு நெறி. இயன் போகோஸ்ட் 2007இல் வெளிவந்த தம் நூலில், விளையாட்டு தன் விதிகளின் வழியாகவே ஒரு வாதத்தை முன்வைக்கின்றது என்று காட்டி, அதனைச் செயல்முறைசார் அணியியல் என்னும் பொருள்படப் பெயரிட்டார். சொல்லால் எடுத்துரைக்கப்படாத கருத்து விதியால் உணர்த்தப்படுகின்றது. ஆடுவோர் அதனை வாதமாக உணர்வதில்லை. உலகின் இயல்பாகவே ஏற்றுக்கொள்கின்றனர். இக்கட்டுரை அந்நெறியை ஒட்டி, கதையே இல்லாத ஒரு விளையாட்டுப் பகுதியை, அதாவது மின்னாக்கத்தைத் தானியங்கச் செய்யும் சுற்றுகளை, திறனாய்வுக்கு உட்படுத்துகின்றது.

இவ்வாய்வுக்குச் சேலம் சமவெளியைக் களமாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர்பெற்றதாகக் கூறப்படும் செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசுத் தொழிலுக்கும் லீ பஜார் மண்டிகளுக்கும் அறியப்பட்ட பகுதி. மேட்டூரின் நீர்மின் நிலையங்களும் அனல்மின் நிலையமும் இதே மாவட்டத்தில் உள்ளன. மின்சாரம் பிறக்கும் இடமும் அது வாராமற் போனதால் தொழில் முடங்கிய இடமும் ஒரே மாவட்டத்துள் அமைந்த நிலப்பரப்பு இது. 'தேவைக்கேற்ற மின்னாக்கம்' என்னும் தொடர் இங்கு வாழ்வோர்க்கு என்ன பொருள் தரும் என்பதே கட்டுரையின் வினா.

ஆய்வெல்லை, பரவலாக ஆடப்படும் சில இணைப்பு நிரல்களோடு நிற்கின்றது. ஒப்பீட்டுக்காக ஃபேக்டோரியோ என்னும் செக் நாட்டு விளையாட்டும் சில இடங்களில் எடுத்தாளப்படுகின்றது.

2. சுற்றின் அமைப்பு

மைன்கிராஃப்ட், சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சனால் 2009இல் பொதுவெளிக்கு வந்து 2011 நவம்பரில் முழுமையாக வெளியிடப்பட்டது. கட்டைகளால் ஆன அவ்வுலகில் அடிப்படை நிலையில் மின்சாரம் இல்லை. ரெட்ஸ்டோன் என்னும் செந்துகள் உண்டு. அது குறிப்பைக் கடத்துமேயன்றி ஆற்றலைக் கடத்துவதில்லை. அதன் குறிப்பு 15 என்னும் அளவில் தொடங்கி, ஒரு கட்டை கடக்குந்தோறும் ஒன்று குறைந்து, இறுதியில் அடங்கும். ஆற்றலைக் கொண்டுவந்தவை 'மாட்' என வழங்கும் இணைப்பு நிரல்கள். இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட், பில்ட்கிராஃப்ட், தெர்மல் எக்ஸ்பான்ஷன், பிக் ரியாக்டர்ஸ் ஆகியன அவற்றுள் பெயர்பெற்றவை. இவை மின்னாக்கி, கம்பி, சேமக்கலம், பொறி என்னும் நான்கு உறுப்புகளை அவ்வுலகில் சேர்த்தன.

சிக்கல் இங்குத் தோன்றுகின்றது. பிக் ரியாக்டர்ஸ் நிரலின் அணு உலை, தன் சேமக்கலம் நிரம்பிய பின்னும் எரிபொருளை எரித்துக்கொண்டே இருக்கும். எடுத்துக்கொள்ள எவருமில்லாத ஆற்றல் வீணாகும். ஆகவே, வேண்டும்பொழுது மட்டும் உலையை இயக்கும் வழியை ஆட்டக்காரர் தேடினர். அத்தேடலில் நான்கு படிநிலைகளைக் காணலாம்.

முதலாவது, கைவிசை. ஆட்டக்காரரே சென்று விசையைத் தட்டுவார். இரண்டாவது, கம்பாரேட்டர் என்னும் ஒப்பீட்டுக் கருவி. இது ஒரு கலம் எவ்வளவு நிறைந்துள்ளது என்பதை 0 முதல் 15 வரையான குறிப்பாக மாற்றித் தரும். குறிப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் உலை தொடங்கும், மேலேறினால் நிற்கும். ஆயின் வரம்பு ஒன்றே ஒன்றாக இருப்பின் கலத்தின் மட்டம் அவ்வரம்பில் ஏறி இறங்க, உலை கணந்தோறும் தொடங்கி நின்று தடுமாறும். இதற்குத் தீர்வாக வந்தது மூன்றாம் படி: இரு வரம்புகளை வைத்தல். கலம் ஐந்திலொரு பங்காகக் குறைந்தால் தொடங்குக. பத்தில் ஒன்பது பங்கு நிறைந்தால் நிற்க. இடைப்பட்ட நிலையில் முன்பிருந்தவாறே இருக்க. இயற்பியல் பாடநூல்கள் காந்தவியலில் 'தயக்கம்' என்று குறிக்கும் பண்பே இது. தன் பழைய நிலையை நினைவில் வைத்திருக்கும் ஒரு தாழ்ப்பாட்சுற்று இதற்கு வேண்டும்.

நான்காம் படியில் கணினி நுழைகின்றது. டேனியல் ராட்கிளிஃப் 2011இல் வெளியிட்ட கம்ப்யூட்டர்கிராஃப்ட் என்னும் நிரல், விளையாட்டுக்குள்ளேயே லூவா மொழியில் நிரலெழுத வழிசெய்தது. உலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளைக் கலத்தின் நிறைவுக்கு ஏற்ப உள்ளே இறக்கச் சில வரிகள் போதும். கலம் 70 விழுக்காடு நிறைந்திருந்தால் தண்டுகள் 70 விழுக்காடு இறங்கும். கலம் வெறுமையானால் தண்டுகள் முற்றும் ஏறும். அந்நிரலின் சுழலிகளில் கம்பிச்சுருளின் பிணைப்பைத் தளர்த்திவிட்டு, சுழற்சியை மட்டும் தக்கவைக்கவும் இயலும். மெய்யான மின்தொகுப்பில் சுழல் இருப்பு எனக் கூறப்படும் ஏற்பாட்டுக்கு இது நெருங்கியது.

இந்நான்கு படிகளையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். எச்சுற்றும் தேவையை நேரே அளக்கவில்லை. சேமக்கலத்தின் குறையையே அளக்கின்றது. பொறிகள் எவை, அவை எதற்காக ஓடுகின்றன, எது நிற்கலாம், எது நிற்கலாகாது என்பன சுற்றின் அறிவுக்கு அப்பாற்பட்டவை. அதற்குத் தெரிந்தது மட்டம் ஒன்றே. ஏரிப் பாசனத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று வட்டாரந்தோறும் பெயர் வேறுபட்ட மடைக் காவலர், ஏரியின் மட்டத்தையும் வயலின் நிலையையும் ஒருங்கே பார்த்து மதகைத் திறப்பவர். விளையாட்டின் சுற்று ஏரியை மட்டும் பார்க்கும் காவலர். வயல் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மற்றொரு விளைவும் உண்டு. வெறுமையான புதிய சேமக்கலம் ஒன்றை வலையில் சேர்த்தால், அது நிரம்பும்வரை ஆற்றலை ஈர்த்துக்கொண்டே இருக்கும். பொறி உண்பதும் கலம் பதுக்குவதும் உலைக்கு ஒன்றே. பதுக்கலும் தேவையாகவே எண்ணப்படுகின்றது. இக்கருத்து நான்காம் பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

3. பற்றாக்குறையின் மறைநெறி

உற்பத்தி போதாதபொழுது இருப்பதை யாருக்கு எவ்வளவு பகிர்வது? ஒவ்வொரு இணைப்பு நிரலும் இவ்வினாவுக்கு விடையளித்தே ஆகவேண்டும். ஆயின் அவ்விடை ஆட்டக்காரருக்குக் கொள்கையாக அறிவிக்கப்படுவதில்லை. பௌதிக இயல்பு போல உலகில் பொதிந்து கிடக்கின்றது. மூன்று வகைகளை இங்குச் சுட்டலாம்.

ஒன்று, வரிசை நெறி. மைன்கிராஃப்டின் நிரலில் ஆறு திசைகளும் கீழ், மேல், வடக்கு, தெற்கு, மேற்கு, கிழக்கு என்னும் ஒழுங்கில் எண்ணப்படுகின்றன. எளிமையாக எழுதப்பட்ட மின்னாக்கி ஒன்று தன்னைச் சூழ்ந்த பொறிகளுக்கு இவ்வொழுங்கிலேயே ஆற்றலைத் தள்ளும். கீழே உள்ள பொறி வயிறார உண்ட பின்னரே கிழக்கே உள்ளதன் முறை வரும். பற்றாக்குறையில் கிழக்குப் பொறி நிற்கும். அதன் குற்றம், அது கிழக்கே வைக்கப்பட்டது என்பது மட்டுமே.

இரண்டு, சம விழுக்காட்டு நெறி. ஃபேக்டோரியோவில் மின்சாரம் போதாவிடில் வலையில் உள்ள அனைத்துப் பொறிகளும் ஒரே விகிதத்தில் வேகம் குறையும். பார்வைக்கு இது நடுநிலை. ஆயினும் கொதிகலனுக்கு நிலக்கரி ஊட்டும் கையும் மின்சாரத்தால் இயங்கினால், அதுவும் தளரும், நிலக்கரி குறையும், மின்சாரம் மேலும் குறையும், தொழிற்சாலை முழுதும் இருளில் முடியும். தேர்ந்த ஆட்டக்காரர் அவ்விடத்தில் மின்சாரம் வேண்டாத, நிலக்கரியையே எரித்து இயங்கும் கையை வைப்பது இதனால்தான். எல்லாவற்றையும் சமமாகக் குறைப்பது எல்லாவற்றுக்கும் சமமான தீங்கைத் தருவதில்லை என்னும் பாடம் இதில் உண்டு.

மூன்று, முழு அணைப்பு. அப்ளைட் எனர்ஜிஸ்டிக்ஸ் என்னும் நிரலின் பண்டகச் சேமிப்பு வலை, மின்சாரம் தீர்ந்தால் ஒட்டுமொத்தமாக அடங்கிவிடும்.

மெய்யான மின்தொகுப்பில் நிலைமை வேறு. அங்குப் பெருஞ்சேமக்கலம் இல்லை; மின்னாக்கமும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாமை ஏற்பட்டால் அலைவெண் காட்டிக்கொடுக்கும். இந்தியத் தொகுப்பின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ், 49.90 முதல் 50.05 வரை அதற்கு வகுக்கப்பட்ட எல்லை. அலைவெண் தாழ்ந்தால் சுழலிகளின் கட்டுப்படுத்திகள் உற்பத்தியைக் கூட்ட முயலும். அதுவும் போதாமல் மேலும் தாழ்ந்தால், துணை மின்நிலையங்களில் உள்ள குறையலைவெண் உணர்விகள் சில மின்பாதைகளைத் தாமே துண்டித்துவிடும். ஆகவே மெய்யான தானியக்கத்துக்கு இரு கைகள் உண்டு: ஒன்று கூட்டும் கை, மற்றொன்று வெட்டும் கை. எந்தப் பாதைகளில் உணர்வியைப் பொருத்துவது என்பதை ஓர் அலுவலகம் முன்கூட்டியே தீர்மானித்து, பட்டியலாக எழுதிவைக்கின்றது. வெட்டுவது பொறியெனினும் பட்டியலை எழுதியவர் மனிதர்.

விளையாட்டில் கூட்டும் கை மட்டுமே கலையாக வளர்ந்தது. வெட்டும் கைக்குரிய கருவிகள் இல்லாமலில்லை. ரெட்ஸ்டோன் குறிப்பால் பொறியை நிறுத்தலாம். ஃபேக்டோரியோவில் மின்விசையால் வலையைப் பிரிக்கலாம். எனினும் பற்றாக்குறை நேர்ந்தால் இன்னோர் உலையைக் கட்டுவதே இயல்பான மறுமொழி. பகிர்வு என்னும் வினா எழுவதற்குள் பெருக்கத்தால் அது மூடப்படுகின்றது.

4. செவ்வாய்ப்பேட்டையும் சமவெளியும்

தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் இறுதியில் உயரழுத்த மின்நுகர்வோர்க்கு 40 விழுக்காட்டு மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டுகளில் தாழ்வழுத்த நுகர்வோரும் நாள்தோறும் மின்வெட்டுக்கு ஆளாயினர். 2012இல் சென்னைக்கு 2 மணி நேரம் என வகுக்கப்பட்ட மின்வெட்டு, பிற மாவட்டங்களில் அதனினும் பன்மடங்காக நீண்டது. தென்மண்டல மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் நாட்டின் ஏனைய தொகுப்போடு ஒத்தியங்கும் இணைப்பைப் பெற்றது. அதற்கு முன் பிற மண்டலங்களிலிருந்து பெறக்கூடிய மின்சாரத்துக்கும் எல்லை இருந்தது. இன்னோர் உலையைக் கட்டுதல் என்னும் விளையாட்டு விடை இங்கு ஆண்டுகளை வேண்டுவது. கூடங்குளத்தின் முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபரில்.

இச்சூழலில் செவ்வாய்ப்பேட்டையின் பட்டறையை வைத்துப் பார்க்கலாம். வெள்ளியை உருக்கல், கம்பியாக இழுத்தல், பற்றவைத்தல், மெருகிடல் எனக் கொலுசு பல கைகள் மாறி உருவாகின்றது. ஒரு படியில் கம்பி இழுக்கும் பொறி நின்றால் அடுத்த படியில் உள்ளவர்க்கு வேலை இல்லை. அவர் வேறு வீட்டில், வேறு தெருவில் இருக்கலாம். அவ்வீட்டில் அப்பொழுது மின்சாரம் இருக்கவும் கூடும். மின்வெட்டின் அலகு பொறியோ பட்டறையோ ஆகாது. துணை மின்நிலையத்திலிருந்து புறப்படும் 'பீடர்' என்னும் மின்பாதையே அதன் அலகு. ஒரு பீடரை நிறுத்தினால் அதிலுள்ள பட்டறையும் வீடும் கடையும் ஒருங்கே இருளும். கூலிக்காக ஓடும் பொறியையும் ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியையும் அது வேறுபடுத்தி அறியாது. விளையாட்டின் சுற்று மட்டத்தை மட்டும் பார்ப்பது போலவே, பீடரும் தன் மொத்தச் சுமையை மட்டும் பார்க்கின்றது. ஆக, வயலைக் காணாத காவலர் விளையாட்டில் மட்டும் உள்ளார் எனக் கூறிவிட முடியாது.

மின்வெட்டுக்கு வீடுகளும் கடைகளும் கண்ட மறுமொழி இன்வெர்ட்டர். ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு சேமக்கலத்தை வைத்துக்கொண்டது. மின்சாரம் திரும்பியதும் தெருவின் எல்லா இன்வெர்ட்டர்களும் ஒருசேர நிரம்பத் தொடங்கும். ஈய–அமில மின்கலம் வாங்கிய ஆற்றலை முழுதும் திருப்பித் தருவதில்லை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரு பகுதி வெப்பமாக இழக்கப்படும். எனவே, தனியார் சேமிப்பு பற்றாக்குறையைத் தீர்ப்பதைவிட, அதனை இடம் மாற்றிச் சற்றே பெருக்கியது எனலாம். பதுக்கலும் தேவையாகவே எண்ணப்படும் என்று இரண்டாம் பகுதியில் கண்டது இதுவே. விளையாட்டில் இது சிறு வியப்பு. உலையைச் சற்றுப் பெரிதாக்கினால் தீரும். தெருவில், இன்வெர்ட்டர் வாங்க இயலாதவர் மீது ஏற்றப்படும் சுமையாக அது மாறுகின்றது.

சமவெளியின் கிணறுகளில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. வேளாண்மைக்கான மும்முனை மின்சாரம் குழு பிரிக்கப்பட்டு, பகலில் சில மணியும் இரவில் சில மணியுமாக முறைவைத்து வழங்கப்பட்டது. நள்ளிரவில் மும்முனை வரும் எனில் உழவர் நள்ளிரவில் கிணற்றடிக்குச் சென்றாக வேண்டும். இருட்டும் பாம்பும் அதன் இடர்கள். இதற்குக் கண்ட கருவி ஆட்டோ ஸ்டார்ட்டர். மூன்று முனைகளும் வந்துவிட்டன என்று உணர்ந்ததும் அது தானே மோட்டாரை இயக்கும், போனதும் நிற்கும். உழவர் உறங்கலாம், வாய்க்காலில் நீர் ஓடும்.

இக்கருவியை மைன்கிராஃப்டின் சுற்றோடு அருகருகே வைத்து நோக்குதல் தகும். இரண்டும் உணர்வியும் விசையும் சேர்ந்த எளிய தானியக்கங்கள். இரண்டும் மனிதரின் விழிப்பை விடுவிக்கவே பிறந்தவை. ஆயின் திசை நேர்மாறானது. விளையாட்டின் சுற்று நுகர்வின் பக்கம் செவிசாய்த்து மின்னாக்கியை எழுப்புகின்றது. ஆட்டோ ஸ்டார்ட்டர் மின்வரவின் பக்கம் செவிசாய்த்து நுகர்பொறியை எழுப்புகின்றது. முன்னதில் தேவை ஆணையிட, மின்சாரம் பணிகின்றது. பின்னதில் மின்சாரம் வருகை தர, தேவை எழுந்து நிற்கின்றது. ஒரே மின்மாற்றியில் இணைந்த மோட்டார்கள் பலவும் மும்முனை வந்த நொடியில் ஒன்றாக எழுவதால் மின்மாற்றி தாங்கும் சுமையும் பெரிது. பயிருக்கு நீர் வேண்டிய வேளை எது என்பதை இக்கருவியும் அறியாது. மின்சாரம் வந்த வேளையே நீர் பாயும் வேளை ஆகின்றது.

5. மேட்டூர்: யாருடைய தேவை?

தேவைக்கேற்ப உடனுக்குடன் மின்னாக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் நீர்மின் நிலையம் மிகத் தக்கது. மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் சுழலி முழு ஆற்றலில் ஓடும். இந்நோக்கில் மேட்டூர் சமவெளியின் ஆகச்சிறந்த சேமக்கலமாக இருக்க வேண்டும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை மின்நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. 1960களில் 200 மெகாவாட் சுரங்க மின்நிலையம் சேர்ந்தது. ஆற்றின் போக்கில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய கதவணைகளிலும் மின்நிலையங்கள் எழுந்தன.

ஆயினும் இக்கலத்தின் மதகு மின்சாரத் தேவைக்காகத் திறப்பதில்லை. மேட்டூர் பாசன அணை. ஜூன் 12 அன்று குறுவைக்காகத் திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது அதன் மரபான நாட்காட்டி. காவிரிப் படுகையின் பயிர் கேட்கும் நீர் இறங்கும் வழியில் சுழலிகளைச் சுழற்றிச் செல்கின்றது. மின்சாரம் அந்நீரின் உடன்விளைவு. 2012இல் நீரின்மையால் ஜூனில் அணை திறக்கப்படவில்லை; செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. மாவட்டங்கள் மின்வெட்டால் தவித்த ஆண்டும் அதுவே.

மைன்கிராஃப்டின் இலக்கணத்தில் இதற்கு இடமில்லை. அங்கு ஒரு சேமக்கலத்தின் பொருள் ஒன்றே, உரியவரும் ஒருவரே. மேட்டூரில் ஒரே நீருக்கு மூன்று தேவைகள் உரிமை கோருகின்றன: பயிர், குடிநீர், மின்சாரம். அவற்றுக்கு மேலே, அண்டை மாநிலத்தின் தேவையும் தீர்ப்பாயங்களின் வரையறையும் உள்ளன. எந்தக் கம்பாரேட்டரும் இம்மூன்றையும் ஓர் எண்ணாகச் சுருக்கித் தர இயலாது. தேவை என்பது முன்னரே உள்ள ஓர் அளவு அன்று. யாருடைய தேவை முதலில் கேட்கப்படும் என்னும் தீர்மானத்துக்குப் பின் எஞ்சும் அளவே அது.

விளையாட்டின் சேமக்கலத்துக்கு நெருங்கிய உண்மை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அது ஆனைமலையிலுள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம். 100 மெகாவாட் வீதம் நான்கு அலகுகள் கொண்ட அது, சுமை குறைந்த நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேலே நீரை ஏற்றி, உச்ச நேரத்தில் இறக்கி மின்சாரம் தருகின்றது. ஏற்றச் செலவாகும் ஆற்றல் இறக்கத்தில் கிடைப்பதைவிட மிகுதி. காற்றாலைகள் மிகுந்து சுழலும் மாதங்களில் உபரியை ஏந்திக்கொள்ள அது பயன்படும். ஆயின் ஏற்றுவதற்கு முதலில் உபரி இருக்க வேண்டும். பற்றாக்குறை ஆண்டுகளில் நீரை ஏற்ற எடுக்கும் மின்சாரமும் எங்கோ ஒரு பீடரின் மின்சாரமே.

6. இருத்தலின் பொருள்

அகத்திணை மரபு முதல், கரு, உரி என்னும் மூன்றால் ஒரு பாடலின் உலகை அளக்கின்றது. விளையாட்டுகளை அவ்வாறு அளப்பது வலிந்த பொருத்தமாகிவிடும் இடர் உண்டு. எனினும் உரிப்பொருள் என்னும் கருத்து இங்கு ஒளி தருகின்றது. அகத்திணையில் நிலமும் பொழுதும் பறவையும் பூவும் சூழ்ந்து நிற்க, உரிப்பொருளே மனித நிலையைச் சொல்லும். மின்னாக்கச் சுற்றின் முதற்பொருள் 20 நிமிடத்தில் ஒரு நாள் சுழலும் உலகம். கருப்பொருள்கள் உலையும் கலமும் பொறியும். அதன் உரிப்பொருள் யாது?

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிச் சென்ற தலைவனின் வரவை எதிர்நோக்கித் தலைவி ஆற்றியிருக்கின்றாள். காத்திருப்பு அங்கு வெறுமை ஆகாது. வருவோர்மேல் வைத்த நம்பிக்கையும், வாராமையின் துயரும், பருவத்தை உற்றுநோக்கும் கூர்மையும் அதில் உண்டு. மின்னாக்கச் சுற்று செய்வது இருத்தலை நீக்குதல். பொறி ஒருபோதும் காத்திராது. காக்கும் பணி முழுதும் உணர்விக்கும் உலைக்கும் மாற்றப்பட்டுவிடுகின்றது. இவற்றுக்குத் துயரில்லை. ஆகவே பற்றாக்குறையின் மனித நிலை பனுவலிலிருந்தே மறைகின்றது.

விளையாட்டின் மற்றொரு விதி இதனை உறுதிசெய்கின்றது. ஆட்டக்காரர் இருக்கும் இடத்தைச் சுற்றிய பகுதிகளே கணினியில் உயிர்பெற்று இயங்கும். தொலைவில் உள்ள பொறிகள், தனிக் கருவி வைத்து விழிப்பூட்டினாலன்றி, உறைந்து நிற்கும். அங்கு அவை பற்றாக்குறையில் வாடுவதில்லை. அவற்றுக்குக் காலமே ஓடுவதில்லை. நடுவத்தின் பார்வைக்கு அப்பால் வாழ்வு இல்லை என்பது அவ்வுலகின் விதி. மெய்யுலகில் நடுவத்தின் பார்வைக்கு அப்பாலும் காலம் ஓடுகின்றது. தலைநகரில் 2 மணி நேர இருள் என்றபொழுது, சமவெளியின் பட்டறையில் கூலி நாள் ஒன்று கழிந்துகொண்டிருந்தது.

7. மறுப்புகளும் விடைகளும்

இவ்வாசிப்புக்கு இரு மறுப்புகள் எழலாம். விளையாட்டு ஒருவர் தமக்கெனக் கட்டும் உலகம். அதனிடம் சமூகப் பகிர்வை எதிர்பார்ப்பது பொருந்தாது என்பது முதல் மறுப்பு. இது ஓரளவு உண்மை. ஆயின் பலர் சேர்ந்து ஒரே உலகில் ஆடும் வழக்கம் மைன்கிராஃப்டில் உண்டு. அங்கும் ஒவ்வொருவரும் தம் உலையைத் தாமே கட்டிக்கொள்வது எளிதாக இருப்பதால், பொது மின்வலை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நிலமும் கனிமமும் ஏறத்தாழ எல்லையின்றிக் கிடைப்பதே அதற்குக் காரணம். பகிர்வு என்னும் வினா எழாமையும் விதிகளின் விளைவே.

சுற்றமைப்பு பொறியியல் அறிவைத் தருகின்றது. அதனைக் கருத்துநிலை என்று குறைகூறுதல் முறையன்று என்பது இரண்டாம் மறுப்பு. அறிவு தருகின்றது என்பதில் ஐயமில்லை. இரு வரம்புகளின் இன்றியமையாமை, விகிதக் கட்டுப்பாடு, சுழல் இருப்பு, முழு இருளுக்குப் பின் மின்னாக்கியை மீண்டும் எழுப்பும் சிக்கல் ஆகியவற்றைத் தன் கையால் செய்து கற்கும் மாணவர், சூத்திரங்களால் மட்டும் கற்பவரினும் உறுதியாகக் கற்பர். இண்டஸ்ட்ரியல்கிராஃப்டில் மிகை மின்னழுத்தம் பாய்ந்து பொறி வெடிக்கக் கண்டவர் மின்மாற்றியின் பயனை மறவார். இக்கட்டுரை அவ்வறிவை மறுக்கவில்லை. மின்சாரம் எப்பொழுது பிறக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கும் அப்பனுவல், அது போதாதபொழுது யார் நிற்க வேண்டும் என்பதையும் ஓசையின்றிக் கற்பிக்கின்றது. அவ்விரண்டாம் பாடத்தையும் படித்தறிய வேண்டும் என்பதே கட்டுரையின் வேண்டுகோள்.

8. முடிவுரை

இவ்வாய்வில் கண்டவை பின்வருமாறு தொகுக்கப்படுகின்றன.

1. மைன்கிராஃப்ட் இணைப்பு நிரல்களின் தானியங்கு மின்னாக்கச் சுற்றுகள் தேவையை அளப்பதாகத் தோன்றினும், சேமக்கலத்தின் குறையையே அளக்கின்றன. நுகர்வும் பதுக்கலும் அவற்றுக்கு ஒன்றே.

2. பற்றாக்குறையைப் பகிரும் நெறி ஒவ்வொரு நிரலிலும் உண்டு. அது கொள்கையாக அறிவிக்கப்படாமல் உலகின் இயல்பாக மறைந்துள்ளது.

3. மெய்யான மின்தொகுப்பின் தானியக்கத்துக்குக் கூட்டும் கையும் வெட்டும் கையும் உண்டு. விளையாட்டுக் கலை முதலாவதை வளர்த்து, இரண்டாவதைப் பெருக்கத்தால் மூடியுள்ளது.

4. சேலம்–நாமக்கல் சமவெளியின் ஆட்டோ ஸ்டார்ட்டர், விளையாட்டுச் சுற்றின் நேர்மாறான வடிவம். ஒன்றில் மின்னாக்கியும் மற்றொன்றில் நுகர்வோரும் காத்திருக்கின்றனர்.

5. மேட்டூரின் சான்று, தேவை என்பது பல தேவைகளுக்கு இடையிலான முன்னுரிமைத் தீர்மானத்தின் விளைவே எனக் காட்டுகின்றது.

ஏரிப் பாசனத்தில் பற்றாக்குறைக் காலத்துக்கென்றே ஒரு சொல் நம்மிடம் உண்டு: முறை. முறைவைத்துப் பாய்ச்சுதலில் யாருக்கு எப்பொழுது எவ்வளவு என்பது ஊரறிந்த செய்தி. முறை பிறழ்ந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். அம்முறைகளில் சாதியும் நில உடைமையும் செலுத்திய ஆதிக்கத்தை மறத்தல் இயலாது. ஆயினும் அந்நெறி கண்ணுக்குத் தெரிந்தது, எதிர்க்கத்தக்கதாகவும் இருந்தது. தானியங்கு சுற்றில் முறை உள்ளது. முறைகேட்டைக் கேட்க ஆள் இல்லை. மின்அளவிகளும் மின்பாதைகளும் மேலும் மேலும் தானியங்கும் காலத்தில், வெட்டும் பட்டியல் எங்கே எழுதப்படுகின்றது, யார் எழுதுகின்றனர் என்னும் வினா பட்டறைக்கும் கிணற்றுக்கும் உரியது. விளையாட்டு ஆய்வில் ஈடுபடும் தமிழ் ஆய்வாளர்கள், பல ஆட்டக்காரர்க்கு ஒரே உலையும் அளவான எரிபொருளும் மட்டும் தரப்பட்ட உலகை வடிவமைத்து, அங்கு எழும் பகிர்வு நெறிகளை ஆராய்தல் இவ்வாய்வின் அடுத்த படியாக அமையலாம்.